குளிப்பாட்டிய ஆறு

கார்த்திகைக் கடைசியில் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் எனக்கு அப்புறம் என் நாற்காலிக்கு வந்திருக்கும் இளைஞர். மரியாதை தெரிந்தவர். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டு நான் உயிரோடு இருப்பதை உறுதி செய்துகொள்வார்.

“சார், நீங்க இப்ப இருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்க. ஆலைக் குழாய் எல்லாத்துலயும் மீட்டர் மாட்டியாச்சு. இனிமே பாட்டிலைத் தூக்கிகினு யாரும் ஆத்துக்குப் போவ வேண்டியதில்ல. எல்லாம் ஸ்கிரீன்லயே வந்துடுது.”

“என்ன வருது?”

“பச்சை சார். அளவுக்குள்ள இருந்தா பச்சை, தாண்டுனா செவப்பு. இப்போதிக்கு எல்லாமே பச்சைதான்.”

“ஆறு?”

“ஆத்துல மீட்டர் இல்ல சார். குழாய்லதான்.”

பிறகு விஷயத்துக்கு வந்தார். அலுவலகத்தில் ஒரு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுமாம். “ரெண்டு பக்கம் போதும் சார். கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லாருக்கும்” என்றார். இரண்டு பக்கத்தில் நான் தொண்டையைக்கூடச் செருமி முடிக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. எழுதியிருக்கிறேன். போடுவதும் போடாததும் மலர்க் குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டது.

என் வேலை சோதனைக்காகத் தண்ணீர் மாதிரி எடுப்பது. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முழுப் பெயரை எழுதினால் அதற்கே பாதிப் பக்கம் போய்விடும். வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தில் பாட்டில் கழுவினேன். பிறகு மேலும் பாட்டில் கழுவினேன். பிறகு கழுவிய பாட்டிலோடு என்னை வெளியே அனுப்பினார்கள்.

உண்மையான பாடம் கோர்ட்டில்தான் கிடைத்தது. அப்போது வேறு மாவட்டத்தில் இருந்தேன். ஒரு சாயப்பட்டறை வழக்கில் ஆலைத் தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்தி, “பாட்டிலை ஆற்றுத் தண்ணீரால் அலம்பிவிட்டுத்தானே எடுத்தீர்கள்?” என்றார். ஆமாம் என்றேன். “அலம்பிய தண்ணீரை எங்கே கொட்டினீர்கள்?” ஆற்றில். “மாதிரி எடுத்த இடத்துக்கு மேலேயா, கீழேயா?” நினைவில்லை. “ஆக, உங்கள் பாட்டிலைக் கழுவிய தண்ணீரையே நீங்கள் மாதிரியாக எடுத்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கோர்ட்டே சிரித்தது. நீல நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆற்றை, ஒரு பாட்டிலைக் கழுவி நான்தான் கெடுத்தேன் என்று அன்றைக்கு ஏறக்குறைய நிரூபணம் ஆயிற்று.

அன்றிலிருந்து விதிகளை மனப்பாடம் செய்தேன். பாட்டிலின் வாய் நீரோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். அலம்பியது கீழ்ப்பக்கம்தான் போக வேண்டும். ஆலையின் ஆளை முன்னால் நிறுத்தி, நோட்டீஸைக் கையில் கொடுத்து, அவர் கண் முன்னால் மாதிரியை இரண்டாகப் பிரித்து, அரக்கு வைத்து, இரண்டிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அது மாதிரி இல்லை, வெறும் தண்ணீர்.

இந்த வேலையில் பேச்சுத் துணை கிடையாது. ஆலைக்காரர் நம்மை ஊரின் ஆள் என்று நினைப்பார், ஊர்க்காரர் ஆலையின் ஆள் என்று நினைப்பார். எந்தப் பக்கமும் சாயவில்லை என்று காட்ட வேண்டுமானால் இரண்டு பக்கமும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ புளியமரத்தடியில், ஜீப்பின் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆன சமயத்தில் இங்கே மாற்றலாகி வந்தேன். மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். மகளுக்குச் சென்னையில் குடித்தனம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தேன். இப்போதும் அதில்தான் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்று இன்றுவரை சரியாகத் தெரியாது. ‘வாட்டர் டேங்க் சார்’ என்றுதான் சொல்வார்.

இங்கே எனக்கு மேலதிகாரி வாசுகி மேடம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தேர்வெழுதி நேராகப் பொறியாளர் பதவிக்கு வந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆய்வுக்குப் போன இடத்தில் உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசிப்பார். வெயிலாக இருந்தாலும் சரி, மழையாக இருந்தாலும் சரி. நாம் எதைச் செய்தாலும், செய்யாமல் விட்டாலும், அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

“இதுக்குக் கோர்ட்ல பதில் சொல்ல முடியுமா?”

ஒருமுறை படிவத்தில், வாடை என்ற கட்டத்தில், ‘சகிக்க முடியாத நாற்றம்’ என்று எழுதிவிட்டேன். மேடம் பேனாவை எடுத்து மெதுவாகக் கோடு இழுத்தார். “நாற்றம்கறது கருத்து. சகிக்க முடியாதுங்கறது உங்க மூக்கோட பிரச்சனை. வாடை உண்டா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.” அதற்கப்புறம் நான் ‘உண்டு’, ‘இல்லை’ தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. வீட்டுக்காரர் சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேட்டால்கூட ‘உண்டு’ என்று வாயில் வந்துவிடும்.

இனி நான் சொல்ல வந்த வழக்கு. ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. வழக்கு முடிந்துவிட்டது, ஆட்கள் இருக்கிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையத்துக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே ஓடும் ஒரு சின்ன ஆறு. வரைபடத்தில் அதற்குப் பெயர் உண்டு. ஊரில் ‘ஆறு’ என்றால் போதும். ஊரின் குடிதண்ணீர்க் கிணறு அதன் கரையில் இருந்தது. ஊருக்குச் சற்று மேலே ஒரு சேகோ ஆலை. சுற்றுவட்டத்தில் விளைகிற மரவள்ளிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் ஆலை. கிழங்கைக் கழுவி அரைத்த தண்ணீர் வெள்ளையாக, புளித்த வாடையோடு, குழாய் வழியே ஆற்றுக்கு வந்தது. கிழங்குச் சக்கையைத் திப்பி என்பார்கள், அதுவும் கூடவே வந்து கரையெல்லாம் படிந்தது. மீன் செத்தது. பிறகு கிணற்றுத் தண்ணீர் புளித்தது.

புகாரோடு வந்தவர் பச்சையம்மாள். ஐம்பதைத் தாண்டியவர், சொந்தமாகக் கொஞ்சம் கிழங்குக் காடு உள்ளவர். அந்தக் கிழங்கு போவதும் அதே ஆலைக்குத்தான். அவரை முதலில் பார்த்தது கலெக்டர் ஆபீஸில், திங்கட்கிழமை மனு நாளில். வாசலில் போலீஸ்காரர் எல்லோருடைய பையையும் சோதித்துக்கொண்டிருந்தார். யாராவது மண்ணெண்ணெய் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற பயம். பச்சையம்மாளின் பையில் ஒரு பாட்டில் இருந்தது. போலீஸ்காரர் மூடியைத் திறந்து மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இன்னாம்மா இது?”

“எங்கூரு குடிதண்ணி சார். குடிக்கிறீங்களா?”

“மண்ணெண்ணெய் இல்லியே?”

“மண்ணெண்ணெயா இருந்தா வெளக்காவது எரியும்.”

உள்ளே விட்டுவிட்டார்.

மனு எங்களுக்கு வந்தது. இரு தரப்பையும் வைத்துக்கொண்டு கூட்டாய்வு செய்ய உத்தரவு. இரு தரப்புக்கும் தேதி போட்டு நோட்டீஸ் போயிற்று. ஆலையின் அனுமதி புதுப்பிக்க வேண்டிய வருஷம் அது. இந்த மாதிரியில் தோற்றால் ஆலைக்கு அனுமதி இல்லை. தேறினால் ஊருக்குக் கிணறு இல்லை. நடுவில் என் பாட்டில்.

மார்கழிக் காலையில் போனோம். ஜீப் ஊருக்குள் நுழைந்ததுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தெருவைக் கூட்டிப் பெருக்கியிருந்தார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, சாமந்திச் சரம் கட்டியிருந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக ஊரே பாலத்தில் நின்றது. பச்சையம்மாள் பட்டுப்புடவையில் இருந்தார். இறங்கிப் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தேன்.

ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தெளிவாக, அடியில் கூழாங்கல் தெரிய, சலசலவென்று.

மேடம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். “இதுதான் அந்த ஆறா?”

“இதேதான் மேடம்!” பச்சையம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. “நீங்க வர்றீங்கன்னு நோட்டீஸ் வந்துச்சுல்ல? அன்னிலேர்ந்து ஊரே எறங்கி வேலை செஞ்சோம். திப்பி, பாசி, செத்த மீனு, அத்தினியும் கூடைகூடையா வாரி மேட்டுல கொட்டிட்டோம். மேல மலைக்காரங்ககிட்ட போயி கெஞ்சுனோம். ராகிக் கொல்லைக்கு வெச்சிருந்த தண்ணி. பாவம், எங்களுக்கோசரம் தடுப்பணைப் பலகையைத் தூக்கி வுட்டாங்க. நேத்து பூரா கழுவிகினு ஓடிச்சு.”

“ஏன்?” என்றார் மேடம்.

“இன்னா மேடம், ஏன்னு கேக்கறீங்க? செத்தவங்களையே குளிப்பாட்டி, புதுத்துணி போட்டு, நெத்தியில காசு வெச்சுத்தான பாக்க வர்றவங்களுக்குக் காட்டறோம்? அழுக்கோட அப்படியே போட்டா வெப்போம்? எங்க ஆறு இன்னா மாதிரி ஆறுன்னு நீங்க பாக்க வாணாமா? அத்தப் பாத்தாத்தான, இன்னா போச்சுன்னு உங்களுக்குத் தெரியும்?”

ஆய்வுக்கு முன்னால் ஆலைகள் கழுவித் துடைத்து வைப்பதை சர்வீஸ் முழுக்கப் பார்த்திருக்கிறேன். புகார் கொடுத்தவர்களே கழுவி வைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆலை மேனேஜரும் வந்திருந்தார். ஆற்றைப் பார்த்த நொடியில் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை மறைக்கக் கைக்குட்டை எடுக்க வேண்டியிருந்தது.

“நம்ம ஜனங்களுக்கு ஆத்து மேல எவ்வளவு பாசம் பாருங்க மேடம்” என்றார் நெகிழ்ச்சியோடு.

நான் மேடத்தின் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னேன். “மேடம், இன்னொரு நாள் வரலாம்.”

“காரணம்னு என்ன எழுதுவீங்க? ஆறு சுத்தமா இருந்துச்சு, அதனால மாதிரி எடுக்கலன்னா?”

நான் ஐஸ் பெட்டியைத் திறந்து மூடினேன்.

“கோர்ட்ல பதில் சொல்ல முடியுமா?”

முடியாது. நோட்டீஸ் கொடுத்தாயிற்று, இரு தரப்பும் வந்தாயிற்று, ஆலையும் பேருக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதன் குழாயில் வந்ததில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கலந்திருந்தது என்பது குழாய்க்கு மட்டுமே தெரியும். ஒரு தரப்பு தந்திரத்தால் கழுவியிருந்தது. இன்னொரு தரப்பு பாசத்தால் கழுவியிருந்தது. பாட்டிலுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இறங்கினேன். ஆலைக்கு மேலே ஒன்று, குழாய் வாயில் ஒன்று, ஆலைக்குக் கீழே கிணற்றோரம் ஒன்று. தண்ணீரில் உயிர்க்காற்று எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மட்டும் அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, இரண்டு ரசாயனங்களை அடிவரை குழாய் விட்டு ஊற்றி, கண்ணாடி மூடியைப் போட்டுக் குலுக்குவோம். உள்ளே மேகம் போல ஒன்று திரளும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பாகும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். ஆக, பழுப்பு என்றால் ஆறு மூச்சு விடுகிறது. வெள்ளை என்றால் நின்றுவிட்டது.

கிணற்றோரம் எடுத்த பாட்டிலைக் குலுக்கினேன். நல்ல அடர்ந்த பழுப்பு. சேற்றைக் கரைத்த மாதிரி சுழன்று இறங்கியது.

பாலத்தின் மேலிருந்து ஒரே கைதட்டல். “பாத்தியாடா, எவ்ளோ அழுக்கு! கண்ணுக்குத் தெரியாத அழுக்கு அத்தினியும் வெளிய வந்துடுச்சு!” என்று கத்தியவர் ஏழுமலை, பச்சையம்மாளின் கொழுந்தனார். “மாட்னான்டா சேகோக்காரன்!” ஒரு பையன் விசிலடித்தான்.

நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குச் சற்று வெளியே கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தேன். அந்த இடத்தில் அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். மேனேஜர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். மேடம் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாதிரி எடுப்பவன் முடிவைப் பற்றி எந்தத் தரப்பிடமும் பேசக் கூடாது என்பது விதி. நல்ல விதிதான். ஊரே என்னைப் பார்த்துக் கைதட்டியது என் சர்வீசில் அந்த ஒரு தடவைதான்.

பச்சையம்மாள் மட்டும் தட்டவில்லை. கரையில் இறங்கி வந்து, பெட்டியில் இருந்த மற்ற பாட்டில்களைக் குனிந்து பார்த்தார்.

“சார், ஆலைக்கு மேல எடுத்தீங்களே, அதுவும் இதே கலராத்தான இருக்குது? மேல நல்ல தண்ணியாச்சே.”

நான் அரக்கை உருக்கினேன்.

“சார், ஒங்களத்தான்.”

“அறிக்கையில் வரும்மா” என்றேன்.

அறிக்கை வந்தது. எல்லாம் அளவுக்குள். மேல்நடவடிக்கை தேவையில்லை. ஆலைக்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டது.

நகல் கிடைத்ததும் பச்சையம்மாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அன்றைக்கு மேடம் வெளியே போயிருந்தார். அறிக்கை வெளியான பிறகு அதை விளக்கலாம், அதற்குத் தடை இல்லை. பழுப்பு என்றால் என்ன, வெள்ளை என்றால் என்ன என்று சொன்னேன். அவர் அறிக்கை நகலை நாலாக மடித்தார்.

“அப்ப, அத்தினி சனமும் கைதட்டுனது அவனுக்கா?”

“ஆமாம்.”

“எங்க கையாலியே கழுவி, அவன் கையில குடுத்துட்டமா?”

இதற்கு விதியில் பதில் இல்லை. சட்டத்தில் இருந்த பதிலைச் சொன்னேன். ஆய்வு நாளன்று மேலே தடுப்பணை திறந்ததால் ஆற்றில் வழக்கத்துக்கு மாறான வெள்ளம், ஆகவே மாதிரி வழக்கமான நிலையைக் காட்டவில்லை. இது கருத்து இல்லை, நடந்த சங்கதி. மலைக்காரர்களைக் கையெழுத்துப் போடச் சொல்லி மனுவாகக் கொடுத்தால், முன்னறிவிப்பு இல்லாமல் மறு ஆய்வு செய்ய இடம் உண்டு. கோர்ட்டுக்கும் போகலாம்.

“எப்ப வருவீங்க?”

“அது சொல்லக் கூடாது. அரவைப் பருவத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதுவரைக்கும் ஆத்தைத் தொடாதீங்க. ஒரு கைப்பிடி பாசிகூட எடுக்க வேண்டாம்.”

“எது வரைக்கும்?”

“கேஸ் முடியற வரைக்கும்.”

அவர் எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். “பொணத்த நாறவுட்டுத்தான் காட்டணும். இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாம் சார்.”

மனுவும் கொடுத்து, வக்கீல் வைத்து வழக்கும் போட்டுவிட்டு, அடுத்த அரவைப் பருவம் வரை அந்த ஊர் ஆற்றைத் தொடவில்லை. சொல்வதற்கு எளிது. சேற்றைக் கண்டால் கை துறுதுறுக்கும் ஜனங்கள் அவர்கள். வெள்ளைத் திப்பி கரையில் காய்ந்து வெடித்து அதில் ஈ மொய்த்தது. கிணற்றை மூடிவிட்டுக் குடிதண்ணீருக்குப் பக்கத்து ஊர்க் குழாய்க்குப் போனார்கள். அங்கே இருந்தவர்கள், “ஊர் ஆத்தைக் கூட்டிப் பெருக்கத் தெரியாதவங்களுக்கு எங்க தண்ணி கேக்குதா?” என்றார்களாம். வேறொரு ஆய்வுக்காக அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் இவற்றை டிரைவர் எனக்குச் சொல்வார். தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்கு எல்லா ஊர்ச் சாமியும் தன் ஆற்றில் இறங்கும். இந்த ஊர்ச் சாமியை டிராக்டரில் ஏற்றி, மணலூர்பேட்டைக்குக் கொண்டுபோய்ப் பெண்ணையாற்றில் குளிப்பாட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருமுறை பாலத்தில் ஜீப் நின்றபோது ஏழுமலை உரக்கச் சலித்துக்கொண்டதை நானே கேட்டேன்.

“ஆலைய மூடிட்டா கிழங்க எங்க போடறது அண்ணி? ஆத்தூருக்கா தூக்கிகினு போவ முடியும்?”

“வேக வெச்சு வயித்துல போடு” என்றார் பச்சையம்மாள். “தொட்டுக்க, வேணும்னா ஆத்துத் தண்ணி.”

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இரண்டு பேரும் திரும்பிக்கொண்டோம். வழக்கில் மனுதாரரும் மாதிரி எடுப்பவரும் அறிமுகமானவர்கள் என்று வந்தால் வழக்கு கெட்டுவிடும். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு அந்த ஊரில்தான் அதிகம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒருவருக்கும் நான் வணக்கம் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் பங்குனி வெயிலில் ஒரு நாள், போகும் வழியில்தான் மேடம் டிரைவரிடம் ஊரைச் சொன்னார். சின்னசேலத்து மீன் கடையில் ஐஸ் வாங்கிக்கொண்டு போனோம். ஆலை முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் ஓடி வந்தார். நோட்டீஸை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பாலத்தில் நான்கைந்து பேர் கூடினார்கள், பிறகு ஊர் முழுக்க வந்தது. சாமந்தி இல்லை, பட்டுப்புடவை இல்லை.

ஆற்றைப் பார்க்காமலே தெரிந்தது. புளித்த வாடை கண்ணில் எரிந்தது. குழாய்க்குக் கீழே தண்ணீர் ஓடவில்லை, மோர் மாதிரித் தேங்கி நின்றது. கிணற்றோரம் எடுத்த பாட்டிலில் ரசாயனத்தை இறக்கி, மூடியைப் போட்டுக் குலுக்கினேன். வெள்ளையாகத் திரண்டது. எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன். முடிவைச் சொல்லத்தான் தடை, பாட்டிலைப் பிடிக்கும் உயரத்துக்கு விதி இல்லை. வெள்ளை மாறவே இல்லை. பால் போல, மாசு மருவில்லாமல் நின்றது.

யாரும் கைதட்டவில்லை. வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று பச்சையம்மாள் ஊருக்கே சொல்லி வைத்திருந்தார் என்பது அப்போது புரிந்தது. போன தடவை விசிலடித்த பையன் அழுதுகொண்டிருந்தான். ஒரு வருஷம் காத்திருந்தது இந்த வெள்ளைக்குத்தான். ஜெயித்துவிட்டார்கள். இழவு வீட்டு வாசலில் நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

மேடம் படிவத்தை உரக்க வாசிக்க ஆரம்பித்தார். இடம், நேரம், வந்திருந்தவர்கள். வாடை என்ற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார். நான் ‘உண்டு’ என்று எழுதியிருந்தேன். பேனாவை எடுத்தார். ‘உண்டு’ என்பதற்கு முன்னால் ‘மிகக் கடுமையாக’ என்று எழுதினார்.

“அது கருத்து மேடம்” என்றேன்.

“தெரியும்” என்றார். “அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

கோர்ட்டில் அவரை அரை நாள் நிற்க வைத்துக் கேட்டார்கள், அந்த இரண்டு வார்த்தைக்காக. நின்றுகொண்டே சொன்னார். நாற்காலி கொடுத்தபோதும் உட்காரவில்லை. ஆலை மூடப்பட்டது. பிறகு சுத்திகரிப்புத் தொட்டி கட்டித் திறந்தார்கள். மேல்முறையீடு ஒன்று நடந்தது. அதற்குள் மேடத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. போகும்போது என்னிடம் பேனா ஒன்றைக் கொடுத்தார். பிறகு நான் ஓய்வு பெற்றேன். பாட்டில்களை எண்ணிக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தேன். மேல்முறையீடு தள்ளுபடியாகி வழக்கு முடிந்த செய்தி பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. வெட்டி வைத்தேன். காட்ட ஆள் இல்லை.

அந்த இளைஞர் போனில் ‘எல்லாம் பச்சை’ என்று சொன்ன பிறகு அந்த ஆறு மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மார்கழியில் ஒரு காலை பஸ் ஏறினேன். அந்த ஊருக்கு ஜீப் இல்லாமல், பெட்டி இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. பாலத்தில் இறங்கிக் கீழே பார்த்தேன்.

வாடை இல்லை. தண்ணீரில் வெள்ளை இல்லை. மூடிய கிணற்றோரம் விரல் நீளத்துக்கு மீன்குஞ்சுகள்கூடத் தெரிந்தன. ஆனால் பாலத்துக்குக் கீழே ஆற்றையே காணவில்லை. கரையிலிருந்து கரை வரை ஆகாயத்தாமரை. நடுவில் பிளாஸ்டிக், கிழிந்த புடவை, பழைய திப்பி மேட்டின் மேல் ஆள் உயரத்துக்குக் கருவேலம். தண்ணீர் எங்கேயோ அடியில் நுழைந்து போய்க்கொண்டிருந்தது.

“பாட்டில் சாருதானே நீங்க?”

பச்சையம்மாள். இளைத்திருந்தார். தலையில் புல்லுக்கட்டு.

“ரிட்டயர் ஆயிட்டேம்மா.”

“அதான் மீச வெளுத்துக்குது. பெட்டி எங்க?”

“பெட்டி இல்ல. சும்மா வந்தேன்.” ஆற்றைக் காட்டினேன். “தண்ணி நல்லாத்தானே வருது? ஏன் இப்படி விட்டு வெச்சிருக்கீங்க?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “நீங்கதானே தொடாதீங்கன்னீங்க.”

“கேஸ் முடியற வரைக்கும்னு சொன்னேன்.”

“முடிஞ்சிடுச்சா?”

“முடிஞ்சு நாளாச்சே. நகல் வரலையா?”

“எங்களுக்கு யாரு இன்னா சொன்னா? வக்கீலு ஊர வுட்டே பூட்டாரு. ஒங்க ஆபீசுல போயி கேட்டா, ‘இப்பல்லாம் ஸ்கிரீன்ல பாத்துக்கறோம், போயிட்டு வாம்மா’ன்றாங்க. எப்ப வருவாங்களோ, நாம கைவச்சுக் கெட்டுடப் போவுதுன்னு இவங்கள ஒருத்தரையும் எறங்க வுடல நானு.”

நடைமுறை எனக்குத் தெரியும். ஆணையின் நகல் ஆலைக்குப் போகும், அலுவலகத்துக்குப் போகும், கலெக்டருக்குப் போகும். மனுதாரருக்கு வக்கீல் வழியாகப் போகும். வக்கீலுக்கு அப்பால் என்ன என்று எந்த நடைமுறையிலும் இல்லை. தொடாதே என்று சொல்ல ஒரு நாள் போதுமாக இருந்தது. தொடலாம் என்று சொல்வது யார் வேலை என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பச்சையம்மாள் புல்லுக்கட்டைச் சுவரின் மேல் இறக்கினார். “தை வருது. இந்த வருசமும் சாமிய டிராக்டர்ல ஏத்திகினு மணலூர்பேட்டைக்குத்தான் ஓடணுமான்னு ஊர்ல ஒரே பேச்சு. நீங்களே வந்துட்டீங்க. சொல்லுங்க சார். தொடலாமா?”

டீக்கடையிலிருந்து இரண்டு மூன்று பேர் எழுந்து வந்து நின்றார்கள். ஏழுமலையும் இருந்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சர்வீசில் இருந்தபோதே எனக்கு ஆணை பிறப்பிக்க அதிகாரம் கிடையாது. இப்போது நான் யாருமில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் குடியிருக்கும் வாட்டர் டேங்க் சார்.

“தொடலாம்” என்றேன்.

“கேட்டுச்சாடா ஏழுமல?” அவர் குரல் அக்கரை வரை போயிற்று. “சாரு தொடலாம்னுட்டாரு! போயி அருவாள எடுத்துகினு வா. கூடைய எடுத்தாங்கடி!”

யாரும் வருவதற்கு முன்பே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் இறங்கிவிட்டார். ஆகாயத்தாமரையை வேரோடு பிடித்து இழுத்தார். அது வரவில்லை. மறுபடி இழுத்தார். ஒரு பெரிய பாய் போலச் சுருண்டு வந்தது. அது இருந்த இடத்தில் தண்ணீர் தெரிந்தது. அவர் பின்னால் வந்து மேட்டில் நின்றுகொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார், அங்கியே நின்னு பாத்துகினு இருக்கப் போறீங்களா? இத்தப் புடிங்க.”

சர்வீஸ் முழுக்க நான் ஆற்றுக்குள் கையை விட்டது மணிக்கட்டு வரைக்கும்தான், பாட்டில் நிரம்பும் வரைக்கும்தான். செருப்பைக் கழற்றி வைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கொடியின் மறுமுனையை என் கையில் திணித்துவிட்டு, “இழுங்க” என்றார். இழுத்தேன்.

வாசுகி மேடம் அங்கே இருந்திருந்தால் கேட்டிருப்பார், இதுக்குக் கோர்ட்ல பதில் சொல்ல முடியுமா என்று. முடியாது, மேடம்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. நன்றாக இருந்தது. இது கருத்து.